மூளைக்காக உடற்பயிற்சி: எந்த வயதில் எது, எவ்வளவு, எப்படி

உடற்பயிற்சி செய்தால் மூளைக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். மூளையின் எந்தத் திறனுக்கு நல்லது என்று தெரிந்தால்தான் பயிற்சியைச் சரியாக அமைக்க முடியும். சொல்வளமும் பொது அறிவும் பயிற்சியால் பெரிதாக மாறுவதில்லை. கவனம் சிதறாமல் இருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்புவது, குறுக்கே வரும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு வேண்டியதைப் பிடித்துக்கொள்வது ஆகியவைதான் வயதாக ஆகத் தளர்கின்றன. அதிகம் மீட்க முடிவதும் இவற்றைத்தான்.

2019-ல் வெளியான கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில் 20 முதல் 67 வயது வரை உள்ளவர்கள் ஆறு மாதம், வாரம் 4 நாள் பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவுக்கு ஏரோபிக் பயிற்சி (வேகநடை போல இதயத்தையும் மூச்சையும் வேகப்படுத்துவது), இன்னொரு பிரிவுக்குத் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி. மேலே சொன்ன திறன்கள் ஏரோபிக் பிரிவில்தான் கூடுதலாக முன்னேறின. வயது கூடக் கூடப் பலனும் கூடியது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் சார்ந்த குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 55 முதல் 80 வயதுக்காரர்கள் 120 பேர். வாரம் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு ஓராண்டில் நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுமார் 1.4 சதவீதம் சுருங்கியது. ஆக, உடலை அசைத்தால் மட்டும் போதாது. இதயம் உழைக்க வேண்டும், மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

முதலில் வேகத்தைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் மெதுவாக நடந்துவிட்டு, பலன் இல்லையே என்று வருந்துகிறார்கள்.

காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன்பே நாடியைப் பாருங்கள். கட்டைவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே, மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதிலேயே துடிப்பு இருப்பதால் எண்ணிக்கை குழம்பும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். இதுதான் ஓய்வு நாடி.

அடுத்து, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழித்தால் உச்ச நாடி உத்தேசமாகக் கிடைக்கும். 60 வயதுக்காரருக்கு 166. அவருடைய ஓய்வு நாடி 70 என்றால் இரண்டுக்கும் இடைவெளி 96. அதில் பாதியை ஓய்வு நாடியோடு கூட்டினால் 118. முதல் சில வாரங்களுக்கு இதுவும் இதற்குச் சற்று மேலும் போதும். அதன்பின் இடைவெளியில் 60 முதல் 75 சதவீதம், அதாவது 128 முதல் 142 வரை போகலாம். நடுவில் சரிபார்க்க, நின்றவுடனே 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். மூச்சு வாங்கிவிட்டு நிதானமாக எண்ணினால் நாடி அதற்குள் இறங்கியிருக்கும்.

இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பேச்சை வைத்துப் பார்க்கலாம். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. உண்மையில் மற்றவர்களுக்கும் தினசரி இதுவே போதும். நாடிக் கணக்கை மாதம் ஒருமுறை பார்த்தால் சரி.

படிப்படியாக ஏற்றுவது

முதல் வாரம் 10 நிமிடம். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஏழாவது வாரம் 40 நிமிடம் வந்துவிடும். 2011 ஆய்விலும் இப்படித்தான் ஏற்றினார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 5 நிமிட மெதுநடை தனி. நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். முழங்காலும் கணுக்காலும் முதலில் முறையிடுவது அப்போதுதான். உடல் பழகியபின் அதே நடைக்கு நாடி முன்போல ஏறாது. இதைக் கவனிக்காமல் பழைய வேகத்திலேயே நின்றுவிட்டால் முன்னேற்றமும் அங்கேயே நின்றுவிடும். மேடான பாதை, படிக்கட்டு, நடுநடுவே ஒரு நிமிட வேகநடை என்று ஏதாவது ஒன்றைச் சேருங்கள்.

வயதுக்கு ஏற்ற மாற்றம்

இருபதுகளிலும் முப்பதுகளிலும் இந்தத் திறன்கள் உச்சத்தில் இருப்பதால் கூடுதல் பலன் சிறிதாகவே தெரியும். ஆனால் உடனடிப் பலன் ஒன்று உண்டு: 20 நிமிட மிதமான பயிற்சி முடிந்த சிறிது நேரத்துக்குக் கவனம் சற்றுக் கூர்மையாக இருக்கும். கடினமான பாடத்தையோ வேலையையோ அப்போது வைத்துக்கொள்ளலாம். களைத்து விழும் அளவுக்குச் செய்துவிட்டு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

நாற்பதுக்கு மேல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் நுண்குழாய்களைச் சேதப்படுத்தத் தொடங்கும் காலம். உலக சுகாதார அமைப்பு சொல்லும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியும், 2 நாள் தசைப் பயிற்சியும் இந்த வயதில் தவறவே கூடாது என்பேன்.

அறுபத்தைந்துக்கு மேல் நடையோடு வலுவும் சமநிலையும் சேர வேண்டும். 65 முதல் 75 வயதுப் பெண்கள் 155 பேரிடம் கனடாவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறையோ இருமுறையோ எடைப் பயிற்சி செய்தவர்களின் கவனத் திறன் ஓராண்டில் முன்னேறியது. வீட்டில் தொடங்க ஒரு நாற்காலி போதும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, கைகளை மார்பில் கட்டி, முன்னே சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். 8 முறை, 2 சுற்று. 12 முறை சுலபமாகிவிட்டால் கையில் எடை பிடியுங்கள். சமநிலைக்கு, சுவர் பக்கத்தில் நின்று ஒற்றைக்காலில் 10 வினாடி, வாரம் 3 நாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிமென்ஷியா என்னும் மறதி நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்குக் கடும் பயிற்சி நினைவுச் சரிவைத் தடுக்கவில்லை என்று 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. உடல் வலு மட்டும் கூடியது. அந்த வலுவுக்காகவே அவர்களை நடக்க வைக்கலாம், நினைவு திரும்பும் என்று வாக்களிக்கக்கூடாது.

நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். காய்ச்சலாலோ பயணத்தாலோ இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் 10 நிமிடம் குறைத்துத் தொடங்கி, பழையபடி வாரம் 5 நிமிடம் ஏற்றுங்கள்.