ரிப்பீட்டருக்கு அலைவரிசை பார்க்கிறீர்களா? முதலில் காதைத் தீட்டுங்கள்

காரைக்குடிப் பக்கம் ரிப்பீட்டர், அதாவது ஓர் அலைவரிசையில் வரும் பேச்சை வாங்கி இன்னோர் அலைவரிசையில் மறுபடி அனுப்பும் நிலையம், வைக்க ஆசைப்படும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்கு ஒரு யோசனை. காலியாக இருக்கிறதே என்று ஒரே நாளில் அலைவரிசையை முடிவு செய்துவிடாதீர்கள். பகலில் ஊமையாகக் கிடக்கும் அலைவரிசை விடியற்காலையில் பேச ஆரம்பிக்கும். காற்றடுக்குகளின் வெப்பநிலை மாறும் அந்த வேளையில், எங்கோ தொலைவிலுள்ள ரிப்பீட்டர்கூடப் பக்கத்து வீடு மாதிரி கேட்கும்.

ஆகவே கேட்கும் வேலையைப் பங்கு போடுங்கள். தேவகோட்டையில் ஒருவர், கானாடுகாத்தானில் ஒருவர், திருப்பத்தூரில் ஒருவர். காலை ஐந்தரை, மதியம், இரவு ஒன்பது என்று இரண்டு வாரம் கேட்டு நோட்டில் குறிக்கட்டும். 145.700 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பப் போகிறீர்கள் என்றால், 600 கிலோஹெர்ட்ஸ் கீழே, ரிப்பீட்டர் நம்மைக் கேட்கும் 145.100-ஐயும் கேட்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த உள்வரும் அலைவரிசையில்தான். அங்கே இரைச்சல் இருந்தால் ரிப்பீட்டருக்குக் காது செவிடு. டோன் (ரிப்பீட்டரைத் திறக்கப் பேச்சோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலி) வைத்தால் வேண்டாத சிக்னல் அதைத் திறக்காது, ஆனால் இரைச்சல் குறையாது.

வீட்டு வளவில் நின்றுகொண்டு ஹேண்ட்செட்டில் கேட்டுவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதாதீர்கள். நம் வீட்டுச் சுவர்களின் கனம் தெரியுமே! மாடிக்கு ஏறுங்கள்.

குறிப்புகள் கையில் இருந்தால், ஒருவர் அலைவரிசை இன்னொருவருக்கு இடைஞ்சலாகாதபடி மதுரை, திருச்சி ரிப்பீட்டர்க்காரர்களோடு பேசுவதும் சுலபம். ரிப்பீட்டருக்கான அனுமதியை டெல்லி தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. (கம்பியில்லாத் தொடர்பைக் கவனிக்கும்) பிரிவிடம் தனியாக வாங்க வேண்டும்.

இன்னொன்று, நோட்டு எழுதியவர்தான் பிறகு மாலை நெட்டுக்கும் (ஹாம்கள் குறித்த நேரத்தில் வானொலியில் கூடிப் பேசுவது) தவறாமல் வருகிறார். சந்தா மட்டும் கட்டியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.