வைக்கிங் நாவலில் வம்சாவளி எங்கே இடறுகிறது

வைக்கிங்குகளை (8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான ஸ்காண்டிநேவியக் கடலோடிகளை) வைத்து நாவல் எழுதுபவர் வம்சாவளியில் சறுக்கும் முதல் இடம் பெயர். ‘ஹரால்ட்சன்’ என்பது குடும்பப் பெயர் அல்ல, ஹரால்டின் மகன் என்று மட்டுமே பொருள். நம் இன்ஷியல் போலத் தலைமுறைதோறும் மாறும். டென்மார்க் அரசர் ஹரால்ட் கோர்ம்சனுக்கு மகன் ஸ்வெய்ன் ஹரால்ட்சன்; அவர் மகன், இங்கிலாந்தையும் ஆண்ட கனூட் ஸ்வெய்ன்சன். மூவருக்கும் ஒரே பின்பெயரை ஒட்டினால் விவரம் தெரிந்தவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். பின்பெயர் வேறானால் உறவில்லை என்பதும் தவறு. நார்வேயின் ஓலாஃப் ஹரால்ட்சனும் ஹரால்ட் சிகுர்ட்சனும் ஒரு தாய் மக்கள், தந்தையர்தான் வேறு.

ஆகவே நாவலுக்காக நீங்கள் தயாரிக்கும் வம்சாவளி அட்டவணையில் தாய்க்குத் தனிப் பத்தி போடுங்கள். கனூட் குடும்பத்துக்கு அது இல்லாமல் முடியாது. அவருடைய முதல் துணைவி நார்தாம்ப்டன் எல்ஃப்கிஃபு. பிள்ளைகள் இன்னொரு ஸ்வெய்ன், இன்னொரு ஹரால்ட். 1017இல் மணந்த நார்மண்டி எம்மாவுக்கும் இங்கிலாந்தில் வழங்கிய பெயர் எல்ஃப்கிஃபுதான்! எம்மா ஏற்கெனவே இங்கிலாந்து அரசர் எதெல்ரெட்டின் விதவை. அந்த மணத்தில் பிறந்தவர் எட்வர்ட், கனூட்டுக்குப் பிறந்தவர் ஹார்தகனூட். ஹார்தகனூட்டுக்கு எட்வர்ட் தாய்வழிச் சகோதரர், ஹரால்ட் தந்தைவழிச் சகோதரர். எட்வர்டுக்கும் ஹரால்டுக்கும் தாயும் வேறு, தந்தையும் வேறு. ஒவ்வொரு மணத்துக்கும் தனிக் கோடு இழுக்காவிட்டால் இரண்டு எல்ஃப்கிஃபுவும் ஒருவராகிவிடுவார்கள்.

காலக்கணக்கைப் பிறந்த ஆண்டிலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலும் அது பிற்கால ஊகம். இறப்பு, போர், முடிசூட்டு ஆண்டுகளை முதலில் நட்டுவிட்டுப் பின்னோக்கிப் போங்கள். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு வைத்துச் சரிபாருங்கள். ஹரால்ட் கோர்ம்சனின் தந்தை கோர்ம் இறந்தது 958 வாக்கில், கனூட் 1035இல்; இடையே 77 ஆண்டு, மூன்று படி. கணக்கு பொருந்துகிறது. ஒரு படிக்கு 15 என்றோ 45 என்றோ வந்தால் யாரோ விடுபட்டிருக்கிறார், அல்லது ஒரே பெயருடைய இருவர் கலந்திருக்கிறார்கள். 1000இல் மாண்ட ஓலாஃப் டிரிக்வாசனும் 1030இல் மாண்ட ஓலாஃப் ஹரால்ட்சனும் அப்படி அடிக்கடி கலப்பவர்கள். இருவரும் நார்வே அரசர்கள், இருவரும் கிறித்தவத்தைப் பரப்பியவர்கள்.

வயதுப் பத்தியையும் விடாதீர்கள். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடிய இருபது வயது வைக்கிங் வீரனுக்கு, 845இல் வைக்கிங்குகள் பாரிஸைத் தாக்கியபோது 72; 911இல் வைக்கிங் தலைவர் ரோலோ நார்மண்டியில் நிலம் பெற்றபோது 138. திரையில் இதையெல்லாம் ஒரே தலைமுறையில் அடைத்துவிடுவார்கள்.

ஐஸ்லாந்து சாகாக்கள், அதாவது வீரர்களையும் குடும்பங்களையும் பற்றிய உரைநடைக் கதைகள், பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. பழங்கதை வீரன் ரக்னார் லோத்புரோக் வரை நீளும் கொடிவழி, பின்வந்த குடும்பங்கள் கௌரவத்துக்காகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். பாத்திரம் பீற்றிக்கொள்ளும் வசனத்தில் அது இருக்கட்டும், அட்டவணையில் ஏற்ற வேண்டாம்.