கனடா மாகாணத்தின் தொண்டர் படைகள்: செலவுக் கணக்கைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் குடியேற்றங்களின் படை வரலாற்றை எழுதப் புகுவோர் பலர் சட்டப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டு, அந்தச் சட்டத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். 1841 முதல் 1867 வரை இருந்த கனடா மாகாணத்தைப் பற்றிய எழுத்துகளில் இது அடிக்கடி நேர்கிறது. அங்கே படைபலத்தைக் குறிக்க மூன்று எண்ணிக்கைகள் இருந்தன: சட்டம் அனுமதித்தது, சட்டமன்றம் பணம் ஒதுக்கியது, பயிற்சித் திடலில் உண்மையில் வந்து நின்றது. இவற்றில் ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைப்பதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

பெயர்ப் பதிவேட்டைப் படை என்று எண்ணுவது முதல் பிழை. 18 முதல் 60 வயது வரையிலான உடல் நலமுள்ள ஆண்கள் அனைவரும் மிலிஷியாவை, அதாவது தேவைப்படும்போது அழைக்கப்படும் குடிமக்கள் படையை, சேர்ந்தவர்கள் என்றே சட்டம் கூறியது. ஆகவே பதிவேட்டில் லட்சக்கணக்கான பெயர்கள் இருந்தன. ஆனால் அவர்களுக்குச் சீருடையோ துப்பாக்கியோ பயிற்சியோ கிடையாது; ஆண்டுக்கு ஒரு நாள் கூடிக் கலைவதே வழக்கம், அதுவும் பல இடங்களில் பெயருக்குத்தான் நடந்தது. கிரிமியப் போருக்காக பிரிட்டன் தன் நிலைப்படையினரை வட அமெரிக்காவிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டபோதுதான் இந்த ஏற்பாட்டின் வெறுமை வெளிப்பட்டது. அதன் பின் ஆலன் மக்நாப், எத்தியேன் பாஸ்கல் தாஷே முதலியோர் அடங்கிய ஆணையம் அறிக்கை அளித்தது. 1855ஆம் ஆண்டு மிலிஷியாச் சட்டம் அதிலிருந்து உருவானது. பழைய பதிவேட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் 5,000 பேருக்கு மிகாத தொண்டர் படை ஒன்றை அச்சட்டம் அமைத்தது. குதிரைப்படைப் பிரிவுகள் 16, கள பீரங்கி அணிகள் 7, காலாள் பீரங்கிக் குழுக்கள் 5, ரைஃபிள் கம்பெனிகள் (துப்பாக்கி ஏந்திய காலாட்படைப் பிரிவுகள்) 50 என்று கணக்கிட்டு வகுக்கப்பட்ட படை அது. மாகாணத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர் இந்த 5,000 பேரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தொண்டர்கள் என்பதால் அவர்கள் ஊதியமின்றி உழைத்தார்கள் என்று கொள்வது அடுத்த பிழை. ஆண்டுக்கு 10 நாள் பயிற்சிக்கும், கள பீரங்கி அணியினராயின் 20 நாளுக்கும், சாதாரண வீரருக்கு நாளொன்றுக்கு 5 ஷில்லிங் வீதம் ஊதியம் உண்டு. ஆயுதத்தை மாகாணம் கொடுத்தது; சீருடைக்கு வீரரே பணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எதிர்பார்த்ததைவிட ஆர்வம் மிகுந்து, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேலும் ஆட்கள் முன்வந்தபோது, அவர்களைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை, ஊதியம் கொடுக்கவும் பணமில்லை என்ற நிலை வந்தது. 1856ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஒரு வழி கண்டது: ஊதியம் பெறும் முதல் வகுப்பு, ஆயுதம் மட்டும் பெற்று ஊதியம் பெறாத இரண்டாம் வகுப்பு என்று கம்பெனிகளை இரண்டாகப் பிரித்தது. ஆகையால் குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் கதையை எழுதுகிறவர் அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது. ஊதியமில்லாக் கம்பெனிகள் நகரங்களில்தான் எளிதில் நிலைத்தன என்பதில் வியப்பில்லை. மாலையில் கடையை அடைத்துவிட்டு அணிவகுப்புக்கு வரும் எழுத்தரின் நிலை வேறு. அறுவடை நாளில் வண்டி கட்டிக்கொண்டு பத்து மைல் வர வேண்டிய உழவரின் நிலை வேறு.

நாணயக் குழப்பத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த 5 ஷில்லிங் இங்கிலாந்து ஷில்லிங் அன்று; ஹாலிஃபாக்ஸ் மதிப்பு எனப்பட்ட உள்ளூர்க் கணக்கு. அக்கணக்கில் ஒரு பவுண்டுக்கு 4 டாலர். ஆகவே 5 ஷில்லிங் சரியாக 1 டாலர். இங்கிலாந்துப் பவுண்டுக்கோ ஏறத்தாழ 4.87 டாலர். இதைக் கவனிக்காதவர் ஒவ்வொரு தொகையையும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டிக் காட்டிவிடுவார். மாகாணக் கணக்குகள் 1858இல் டாலருக்கு மாறின. எனவே 1857ஆம் ஆண்டுச் செலவையும் 1859ஆம் ஆண்டுச் செலவையும் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே நாணயத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சட்டம் நிறைவேறிய நாளே பணமும் வந்துவிட்டது என்று கருதுவது. 1848 முதல் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவை ஆண்ட மாகாணம் அது. இலங்கையில் 1881இல் தொடங்கிய தொண்டர் படையின் கதையை அறிந்தவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஏதுமின்றி ஆளுநர் முடிவெடுத்த அந்தச் சூழலைக் கனடாவுக்கும் பொருத்திவிடக்கூடாது. கனடாவின் தலைமை ஆளுநர் லண்டனுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஒரு டாலர் செலவிட வேண்டுமானாலும் ஆண்டுதோறும் அவையின் ஒப்புதல் தேவை. 1857இல் தொடங்கிய வணிக மந்தம் கருவூலத்தை வற்றச் செய்தபோது, 1859இல் ஊதியப் பயிற்சி 10 நாளிலிருந்து 6 நாளாகக் குறைக்கப்பட்டது. படை கலைக்கப்படவில்லை, கம்பெனிகள் பட்டியலில் அப்படியே இருந்தன, அவற்றின் திறன் மட்டும் தேய்ந்தது. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தேய்வு தெரியவே தெரியாது.

1862ஆம் ஆண்டு மசோதாவும் இதே காரணத்தால் தவறாகப் படிக்கப்படுகிறது. 1861 இறுதியில், ட்ரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை அமெரிக்கக் கடற்படை மறித்த விவகாரத்தால் பிரிட்டனும் அமெரிக்காவும் போரின் விளிம்புக்கு வந்தன. அதையடுத்து அமைந்த ஆணையம் 50,000 பேர் கொண்ட படையையும் அதே அளவு சேமப் படையையும் பரிந்துரைத்தது. தொண்டர்கள் போதாவிட்டால் குலுக்கல் முறையில் கட்டாயமாக ஆள் எடுக்கவும் இடமிருந்தது. முழுத் திட்டத்தின் ஆண்டுச் செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டது. ஏற்கெனவே பற்றாக்குறையில் இருந்த மாகாணத்தில் இந்தச் சுமையை ஏற்க உறுப்பினர்கள் தயங்கினர். பிரெஞ்சு மொழி பேசும் தொகுதிகளிலிருந்து வந்த அரசு ஆதரவாளர்கள் சிலரும் விலகினர். மே 20 அன்று 61க்கு 54 என்ற வாக்கில் மசோதா தோற்றது; கார்ட்டியே, ஜான் மக்டொனால்ட் அமைச்சரவையும் அதோடு வீழ்ந்தது. கனடாக்காரர்கள் தங்களைக் காத்துக்கொள்ள விரும்பவில்லை என்று லண்டன் பத்திரிகைகள் சீறின. அந்தச் சீற்றத்தை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது சோம்பல் என்பது என் கருத்து. தோற்றது கட்டாய ஆள்சேர்ப்புக்கு வழி வைத்த, விலை மிகுந்த ஒரு திட்டம். புதிதாக வந்த சான்ட்ஃபீல்ட் மக்டொனால்ட் அரசு தொண்டர் படைக்கான ஒதுக்கீட்டை உயர்த்தியது. 1863ஆம் ஆண்டுத் தொண்டர் மிலிஷியாச் சட்டம் உச்ச வரம்பை 35,000 ஆக்கியது.

அந்த 1862 ஆகஸ்டில் குடியேற்றத் துறை அமைச்சர் நியூகாசில் பிரபு அனுப்பிய யோசனையை ஊன்றிப் படிப்பது நல்லது. மிலிஷியாச் செலவை ஆண்டு வாக்கெடுப்பிலிருந்து விடுவித்து, சில ஆண்டுகளுக்குச் சேர்த்து முன்கூட்டியே உறுதி செய்துவிட வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. படைத்துறை நோக்கில் இது நியாயமான யோசனைதான். ஆண்டுக்கு ஆண்டு பணம் ஏறி இறங்கினால் எந்தப் படையும் தேறாது. ஆனால் மாகாண அமைச்சர்கள் அதை மறுத்தார்கள். பொதுப் பணத்தின் மீது மக்கள் பிரதிநிதிகளுக்கு இருக்கும் பிடியைத் தளர்த்த முடியாது என்பதே அவர்களின் நிலை. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் சொந்தப் படைக்கு ஆண்டுதோறும்தான் பணம் ஒதுக்கி வந்தது என்பதை நினைத்தால், இந்த மறுப்பில் குற்றம் காண்பது கடினம்.

கலகம் அடக்கும் பணியின் செலவை மாகாணக் கணக்கில் தேடுவதும் வீண் வேலை. உள்ளூர் நீதிபதிகள் அழைத்தால் தொண்டர்கள் ஆயுதத்தோடு வர வேண்டும். அதற்கான ஊதியத்தை அந்த ஊரின் நகராட்சி கொடுக்க வேண்டும் என்பதே விதி. இந்தத் தொகைகளைத் தேடுபவர் நகராட்சிக் கணக்கேடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

1866 ஜூன் 2 அன்று நடந்த ரிட்ஜ்வே மோதலைத் தளபதியின் தடுமாற்றமாக மட்டும் விளக்குவதும் இதே வகைப் பிழை. அமெரிக்காவிலிருந்து நயாகரா ஆற்றைக் கடந்து வந்த ஃபீனியன்களை (அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடிய இயக்கத்தினரை) எதிர்கொண்டவர்கள் டொரன்டோவின் குயீன்ஸ் ஓன் ரைஃபிள்ஸ் படையணியும் ஹாமில்டனின் 13ஆம் படையணியும் அவற்றோடு சேர்ந்த சில கம்பெனிகளும். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஆல்ஃபிரட் புக்கர் பிழை செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவரோடு குதிரைப்படையும் இல்லை, பீரங்கியும் இல்லை. வீரர்களிடம் தண்ணீர்க் குடுவையும் உணவுப் பையும் இல்லை. சிலர் அதற்கு முன் உண்மையான தோட்டாவைச் சுட்டதே இல்லை. ஒன்பது வீரர்கள் அந்தக் களத்தில் உயிரிழந்தனர். ஆட்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் பணம் ஒதுக்கிய அவை, சுடும் பயிற்சிக்கும் உணவு வழங்கலுக்கும் அதே அளவு கவனம் செலுத்தவில்லை. 1864இல் கியூபெக்கிலும் டொரன்டோவிலும் தொடங்கிய படைப் பயிற்சிப் பள்ளிகள் அதிகாரிகளை ஓரளவு தேற்றின. உணவு வண்டியை அவற்றால் உருவாக்க முடியாது.

கடைசியாக எல்லைகளைப் பற்றிய எச்சரிக்கை. கனடா மாகாணம் என்றால் இன்றைய ஒன்டாரியோ, கியூபெக் இரண்டின் தென்பகுதிகள் மட்டுமே. நோவா ஸ்கோஷியாவும் நியூ பிரன்சுவிக்கும் தனித்தனி மிலிஷியாச் சட்டங்களும் கணக்குகளும் கொண்ட தனிக் குடியேற்றங்கள். 1867இல் கூட்டாட்சி ஏற்பட்டபோது படைத்துறை முழுவதும் மத்திய அரசுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு கார்ட்டியே கொண்டுவந்த சட்டம் 40,000 தொண்டர்களுக்கு வகை செய்தது. அதற்குப் பிந்தைய ஒன்டாரியோவின் மாகாண வரவு செலவுத் திட்டத்தில் தொண்டர் படை எங்கே என்று தேடுகிறவர், ஒட்டாவாவின் கணக்குகளுக்குத் திரும்ப வேண்டும்.