ஆங்கிலத்தில் ஆய்வேடு: சொல்லை மாற்றினால் வாக்கியம் உங்களுடையதாகாது

இளங்கலை இறுதி ஆண்டில் ஆங்கிலத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட்டோ டிசர்ட்டேஷனோ எழுத உட்காருபவர்கள் ஸ்பெல்லிங்கையும் கமாவையும் நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அவற்றை வேர்டு மென்பொருளே கோடு போட்டுக் காட்டிவிடும். கைடு அத்தியாயத்தைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் வேறு காரணங்களுக்காக.

சொல்லுக்குச் சொல் மாற்றுவது

ஆண்டுதோறும் புதிதாக வரும் ஒவ்வொரு குழுவும் இதைச் செய்கிறது. படிப்பவருக்கு எரிச்சலும் தீர்ந்தபாடில்லை. ஒரு பக்கம் மூலக் கட்டுரை, மறுபக்கம் தன் கோப்பு. வாக்கியத்தை காப்பி செய்து ஒட்டி, ‘இம்பார்ட்டன்ட்’ இருந்த இடத்தில் ‘க்ரூஷியல்’, ‘ஷோஸ்’ இருந்த இடத்தில் ‘டெமான்ஸ்ட்ரேட்ஸ்’ போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. ரெபெக்கா மூர் ஹோவர்டு என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களில் இதற்கு ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயர் வைத்தார், ஒட்டுப்போட்ட எழுத்து. எழுதக் கற்பவர்கள் கடந்துபோகும் ஒரு கட்டம் இது என்று அவர் பரிவோடுதான் பார்த்தார். ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலிடம் அந்தப் பரிவை எதிர்பார்க்க முடியாது.

சொல் மாறினாலும் வாக்கியத்தின் எலும்புக்கூடு மூல ஆசிரியருடையதாகவே நிற்கிறது என்பது முதல் சிக்கல். அதைவிட மோசமானது, பொருளே மாறிவிடுவது. ‘அசோசியேட்டட் வித்’ என்பதை ‘காஸ்டு பை’ ஆக்கினால், சேர்ந்து காணப்படுவதைக் காரணமாக்கிவிட்டீர்கள். ‘சிக்னிஃபிகன்ட்’ என்பது புள்ளியியல் சோதனையின் முடிவைக் குறிக்கும் இடத்தில் ‘இம்பார்ட்டன்ட்’ என்று எழுதினால், மூலம் சொல்லாத ஒன்றை அதன் தலையில் கட்டுகிறீர்கள். ‘மே ரெட்யூஸ்’ என்பதில் உள்ள ‘மே’யைத் தூக்கிவிட்டால் ஐயத்தோடு சொன்னது உறுதியாகிவிடும்.

இதை மென்பொருளிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் மூவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அச்சேறிய கட்டுரைகளிலேயே ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ ஆகவும், ‘பிக் டேட்டா’ என்பது ‘கொலோசல் இன்ஃபர்மேஷன்’ ஆகவும் உருமாறிக் கிடப்பதைக் காட்டினார்கள். ‘டார்ச்சர்டு ஃப்ரேசஸ்’, அதாவது சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள், என்று அவர்கள் வைத்த பெயர் பொருத்தமானதுதான். கலைச்சொல்லுக்கு மாற்றுச்சொல் கிடையாது. அதைத் தொடாதீர்கள், அது காப்பியும் ஆகாது.

சரியான வழிக்கு நேரம் பிடிக்கும். ஒரு பத்தியை முழுதாகப் படித்துவிட்டு மூலத்தை மூடுங்கள். அது சொன்னதை நோட்டில் தமிழில் இரண்டு வரிக்குள் எழுதுங்கள். உதாரணமாக: ‘சொட்டுநீர் விட்ட வயலில் தண்ணீர்ச் செலவு குறைந்ததாம், மகசூலில் வித்தியாசம் தெரியவில்லையாம்.’ பக்கத்திலேயே ஆசிரியர், ஆண்டு, பக்க எண். தமிழில் எழுத வரவில்லை என்றால் பத்தி இன்னும் புரியவில்லை, திரும்பப் படியுங்கள். மறுநாள் அந்தக் குறிப்பை மட்டும் வைத்து ஆங்கில வாக்கியத்தை எழுதுங்கள். கடைசியில்தான் மூலத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். எண்கள் சரியா, ‘மே’ போன்ற தயக்கச் சொற்கள் இருக்கின்றனவா, கலைச்சொல் அல்லாத நாலைந்து சொற்கள் வரிசையாக ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால் மேற்கோள் குறி போடுங்கள், அல்லது மாற்றி எழுதுங்கள்.

அந்தக் குறிப்பில் உள்ள ‘ஆம்’ விகுதியைக் கவனியுங்கள். ‘குறைந்ததாம்’ என்றதும் இது அடுத்தவர் சொன்னது என்று தமிழில் தெரிந்துவிடுகிறது. ஆங்கில வினையில் அப்படி ஒட்டிக்கொள்ளும் விகுதி இல்லை. ‘ஃபவுண்ட்’, ‘ஆர்க்யூஸ்’, ‘சஜஸ்ட்ஸ்’ போன்ற வினைகளும், மூலத்தைச் சுட்டும் சிட்டேஷனும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். தரவிலிருந்து வந்த முடிவுக்கு ‘ஃபவுண்ட்’, ஒருவர் வாதாடும் நிலைப்பாட்டுக்கு ‘ஆர்க்யூஸ்’, உறுதி குறைந்த ஊகத்துக்கு ‘சஜஸ்ட்ஸ்’. ‘ப்ரூவ்டு’ கணிதத் துறைக்கு வெளியே அநேகமாக வேண்டாம். ஐந்து வாக்கியங்களை இன்னொருவரிடமிருந்து எடுத்துவிட்டுப் பத்தியின் கடைசியில் மட்டும் ஒரு சிட்டேஷன் வைத்தால், முதல் நான்கும் உங்கள் சொந்தக் கூற்றாகவே படிக்கப்படும்.

சிமிலாரிட்டி சதவீதத்தை மட்டும் துரத்துவது

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைகள் 10% வரையிலான ஒற்றுமையைச் சிறிய அளவாக வைத்து, அதற்கு மேல் 40%, 60% என்று படிகளாகப் பிரிக்கின்றன. உசாத்துணைப் பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை போன்றவை கணக்கில் சேராது. டர்னிட்டின் போன்ற மென்பொருள் காட்டுவது எழுத்து எங்கெங்கே ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே. திருட்டா இல்லையா என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. ஒரே கட்டுரையிலிருந்து தொடர்ந்து வரும் 6%, நாற்பது இடங்களிலிருந்து துண்டு துண்டாக வரும் 15%-ஐவிடக் கவலைக்குரியது.

ஆளுக்கொரு பத்தியாக லிட்டரேச்சர் ரிவ்யூ

முந்தைய ஆய்வுகளை அலசும் இந்தப் பகுதியில் இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று பத்திக்கு ஒரு பெயராக அடுக்கினால் அது கல்யாண மொய்ப் பட்டியல். எக்செல்லில் வரிசைக்கு ஒரு கட்டுரை. ஆய்வுக் கேள்வி, இடம், மாதிரியின் அளவு, முறை, முடிவு, குறைபாடு என்று ஆறு நெடுவரிசைகள். பதினைந்து கட்டுரைகளை நிரப்பினால் யார் யாரோடு ஒத்துப்போகிறார், எங்கே முரண்படுகிறார் என்பது செங்குத்தாகப் படிக்கும்போது தெரியும். பத்தியின் முதல் வாக்கியத்தில் அந்த ஒற்றுமையோ முரணோ வரட்டும், பெயர்கள் அதற்குப் பின்னால் வரட்டும்.

‘இட் வாஸ் ஃபவுண்ட் தட்’

யார் கண்டது? நீங்களா, அவரா?

‘கேன்’ என்று எல்லா இடத்திலும்

தமிழில் ‘குறைக்கலாம்’ என்பது இயலும், வாய்ப்பு உண்டு இரண்டையும் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இயலுவதற்கு ‘கேன்’, வாய்ப்புக்கு ‘மே’.

‘ரிசர்ச்சஸ்’, ‘எவிடென்சஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’

கடைசியில் உள்ள பன்மை விகுதியை எடுத்துவிடுங்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’டில் ‘அபவுட்’டையும்.

சீனியரின் பழைய ஃபார்மட்

உசாத்துணை எழுதும் முறைகளில் ஒன்றான ஏபிஏயின் ஏழாம் பதிப்பு 2019இல் வந்துவிட்டது. மூன்று ஆசிரியர்கள் அல்லது அதற்கு மேல் என்றால் முதல் தடவையிலேயே முதல் ஆசிரியரின் பெயரோடு ‘எட் ஆல்’ (மற்றும் பிறர்) போட வேண்டும். ஆறாம் பதிப்பில் ஐந்து பேர் வரை முதல் தடவை எல்லாப் பெயரையும் எழுதினார்கள். துறை கேட்பது எந்தப் பதிப்பு என்று கைடிடம் முதல் வாரமே கேளுங்கள்.

சாட்பாட் கொடுத்த உசாத்துணை

கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐயை அதற்கான தளத்தில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், அல்லது வேறு கட்டுரை திறந்தால், பட்டியலிலிருந்து நீக்குங்கள். சரியான கட்டுரையே திறந்தாலும், படிக்காமல் சேர்க்காதீர்கள்.

அப்ஸ்ட்ராக்ட்

ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்.