பாரசீகத்தில் 'பெரிய': பொஸோர்க்

பாரசீகம் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய பெயரடை 'பொஸோர்க்'. 'பெரிய' என்று பொருள். நடுவில் வரும் 'ஸ' தேனீ ரீங்காரம் போல அதிர வேண்டும்; கடைசி 'க்' தங்கம் என்பதில் வரும் 'க' ஒலி.

நமக்கு இடறுவது இடம்தான். தமிழில் 'பெரிய நகரம்'. அங்கே பெயர்ச்சொல் முன்னால், பெயரடை பின்னால், இரண்டையும் ஒட்ட நடுவில் ஒரு 'எ': ஷஹ்ர்-எ பொஸோர்க். தெஹ்ரானின் பெரிய சந்தைக்குப் பெயரே பாஸார்-எ பொஸோர்க். சொல் உயிரொலியில் முடிந்தால் 'யெ' வரும்: ஃகானே-யெ பொஸோர்க், பெரிய வீடு. இந்த 'எ' எழுத்தில் பெரும்பாலும் தெரியாது. வாசிக்கும்போது நாமேதான் சேர்க்க வேண்டும், ஆரம்பத்தில் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆறுதலுக்கு ஒன்று: ஆண்பால், பெண்பால், பன்மை எதற்கும் இந்தச் சொல் மாறாது. 'இன்னும் பெரிய' என்றால் பொஸோர்க்தர். 'மிகப் பெரிய' என்றால் பொஸோர்க்தரீன்; இது மட்டும் தமிழைப் போலவே முன்னால் வரும்: பொஸோர்க்தரீன் ஷஹ்ர்.

மாதர்பொஸோர்க் பாட்டி, பெதர்பொஸோர்க் தாத்தா. இங்கே நடுவில் 'எ' சேர்க்காதீர்கள்.

துணிக்கடையில் சட்டை தொளதொளவென்று இருந்தால் 'ஈன் ஃகெய்லி பொஸோர்கெ' (இது ரொம்பப் பெரிசு) என்று சொல்லி, 'கூச்சிக்தர் தாரீன்?' (இன்னும் சின்னது இருக்கா?) என்று கேளுங்கள். சின்ன அளவு எடுத்துத் தருவார்கள்.