"எக்கா, டாலி ஓப்பன் ஆவ மாட்டுக்கு"

மாதத்தில் 10, 11 தேதிகளில் காலை ஒன்பதரைக்குப் போன் அடித்தால் அது ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போன். 19, 20 தேதிகளில் அடித்தால் 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) போன். எடுத்ததும் திருநெல்வேலி டவுன் ஹார்டுவேர் கடையில் பில் போடும் பெண்ணின் குரல்: "எக்கா, உள்ள இருக்க சிஸ்டத்துல டாலி ஓப்பன் ஆவ மாட்டுக்கு. என்னத்தயோ இங்கிலீஷ்ல சொல்லுது."

டாலி எங்கள் கணக்கு சாஃப்ட்வேர். அது சொல்லும் அந்த 'என்னத்தயோ'தான் எனக்கு வேண்டும். அதற்குள் ஓகே அமுக்கி மூடியிருப்பாள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு மூன்று இடத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். டவுனில் இந்த ஹார்டுவேர் கடை, கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனி, அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. மூன்றிலும் பல சிஸ்டத்தில் சேர்ந்து ஓட்டக்கூடிய டாலி பிரைம் கோல்டு. ஒரு சிஸ்டம் சர்வர், மற்றவை அதிலிருந்து எடுத்து ஓடுகின்றன. சர்வீஸ் ஆள் வரச் சாயங்காலம் ஆகும், ரிட்டர்ன் காத்திருக்காது. அப்படிக் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம். பாளையங்கோட்டையில் பஸ் ஏறுவதற்கு முன்பே பாதிப் பிரச்சினை போனிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் எது அறுந்தது என்று பாருங்கள்

மற்ற சிஸ்டத்தில் டாலி திறக்க சர்வரிலிருந்து இரண்டு விஷயம் வந்து சேர வேண்டும். ஒன்று லைசென்ஸ். சர்வர் மிஷினில் டாலி கேட்வே சர்வர் என்று ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமாக 9999 என்ற போர்ட்டில் (சிஸ்டத்துக்குள் நுழையும் கதவு எண் மாதிரி). அதுதான் மற்ற சிஸ்டங்களுக்கு அனுமதி கொடுக்கிறது. இன்னொன்று டேட்டா. இது விண்டோஸ் ஷேர் செய்த ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். ஃபோல்டரை விண்டோஸ் காட்டவில்லை என்றால் டாலியைத் திட்டிப் பயனில்லை.

இரண்டும் தனித்தனி. அதனால் திரையில் என்ன தெரிகிறது என்று கேட்பேன். டாலி திறந்து 'எஜுகேஷனல்' என்று காட்டினால் லைசென்ஸ் வரவில்லை. அந்த நிலையில் மாதத்தின் சில தேதிகளில்தான் வவுச்சர் (கணக்குப் பதிவு) போட முடியும் என்பதால், "தேதியை எடுக்க மாட்டுக்கு" என்று புகார் வந்தாலும் விஷயம் இதேதான். லைசென்ஸ் நம்பர் சரியாக இருந்து கம்பெனிப் பட்டியல் மட்டும் காலியாக இருந்தால் டேட்டா வரவில்லை. இரண்டுமே இல்லையென்றால் டாலியை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, எல்லா சிஸ்டத்திலுமா, ஒன்றில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் கோளாறு சர்வரிலோ ஸ்விட்ச்சிலோ (எல்லாச் சிஸ்டத்துக் கேபிளும் வந்து சேரும் பெட்டி) இருக்கும். ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் சிஸ்டத்தோடு நில்லுங்கள். நன்றாக ஓடும் சர்வரைப் போய் நோண்ட வேண்டாம்.

மூன்றாவது, நேற்று என்ன மாற்றினீர்கள்? "ஒண்ணுமே மாத்தலக்கா" என்றுதான் முதலில் பதில் வரும். இரண்டு நிமிடம் பேசினால், "நெட்டுக்காரர் வந்து புது மோடம் வச்சிட்டுப் போனார், அது மட்டுந்தான்" என்பார்கள்.

வயர், விளக்கு, எலி

சர்வர் ஆன் ஆகியிருக்கிறதா, தூங்கிவிட்டதா? சிரிக்காதீர்கள். சாப்பிட்டு வரும் நேரத்தில் சர்வர் ஸ்லீப்புக்குப் போய்விட்டு, மற்ற இரண்டு சிஸ்டத்திலும் டாலி நின்றுபோன கதை எனக்கே உண்டு. பவர் ஆப்ஷனில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்டில், மின்சாரம் மிச்சம்பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? ஸ்விட்ச் பக்கமும் சிஸ்டம் பக்கமும் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் முதலில் ஸ்விட்ச்சில் வேறு போர்ட்டில் செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்த மறுநாள் ஸ்விட்ச்சில் ஒன்றிரண்டு போர்ட் மட்டும் செத்துப்போவது இங்கே சகஜம். அரிசி ஆலையில் எதிரி வேறு. அங்கே எடைமேடையிலிருந்து ஆபீசுக்குக் கேபிள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போகிறது. விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணையும், மறுபடி எரியும். மூட்டையை நகர்த்திப் பார்த்தால் எலி கடித்து நாலு கம்பி வெளியே தெரிகிறது. இப்போது அதை பிவிசி குழாய்க்குள் விட்டிருக்கிறோம். நீளத்தையும் கவனியுங்கள்: ஸ்விட்ச்சிலிருந்து சிஸ்டத்துக்கு 100 மீட்டருக்கு மேல் ஒரே கேபிளாக இழுக்கக் கூடாது.

வைஃபையில் டாலி ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, ரிப்போர்ட் பார்க்க ஓட்டுங்கள், பில் போட வேண்டாம் என்பேன். சேமித்துக்கொண்டிருக்கும்போது இணைப்பு நொடி நேரம் விட்டாலும் டேட்டாவில் கோளாறு வரலாம். இதே காரணத்துக்காக ஸ்விட்ச்சையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகும்போது சிஸ்டமெல்லாம் யுபிஎஸ்ஸில் எரிந்துகொண்டிருக்கும். சுவரில் நேராகச் செருகிய எண்ணூறு ரூபாய் ஸ்விட்ச் மட்டும் அணைந்துவிடும். அப்பளக் கம்பெனியில் இப்படி மூன்று தடவை டேட்டா கெட்ட பிறகுதான் எனக்கே புத்தி வந்தது.

புது மோடம் வந்த அன்று

ஹார்டுவேர் கடை அண்ணாச்சி பழைய இணைப்பை மாற்றி ஃபைபர் வாங்கினார். மறுநாள் காலை உள்ளே இருக்கும் இரண்டு சிஸ்டத்திலும் டாலி இல்லை, ஆனால் யூடியூப் ஓடுகிறது. "நெட்டு வருதே, டாலிக்கு மட்டும் என்ன கேடு?" என்று அண்ணாச்சிக்குக் கோபம்.

மூன்று சிஸ்டத்திலும் கறுப்புத் திரையைத் திறந்து (தேடும் இடத்தில் சிஎம்டி என்று அடித்தால் வரும்) ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். ஐபி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சிஸ்டத்துக்குமான விலாச எண், சர்வரில் 192.168.1.10. மற்ற இரண்டும் 192.168.0 என்று ஆரம்பித்தன. பழைய மோடத்தின் காலத்தில் சர்வருக்குக் கையால் ஐபி கொடுத்திருந்தது. மற்ற இரண்டும் மோடம் கொடுப்பதை எடுத்துக்கொள்பவை. புது மோடம் வேறு வரிசையில் கொடுத்துவிட்டது. ஒரே கடைக்குள் இருந்தாலும் இவை இப்போது வெவ்வேறு தெரு. சர்வருக்குப் புது வரிசையில் 192.168.0.10 என்று கொடுத்தேன். சர்வர் ஐபி எப்போதும் மாறாமல் இருக்க வேண்டும். மோடம் தானாகப் பங்கிடும் எண்களுக்கு வெளியே உள்ள ஒன்றாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் அதே எண்ணை யாருடைய போனுக்காவது கொடுத்துவிடும். 169.254 என்று ஆரம்பிக்கும் ஐபியைப் பார்த்தால் அந்தச் சிஸ்டத்துக்கு ஐபி கொடுக்க ஆளே கிடைக்கவில்லை என்று அர்த்தம். மோடத்தையும் கேபிளையும் பாருங்கள்.

ஐபி சரியானதும் பிங் (சர்வர் பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) செய்தால் பதில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அரை மணி நேரம் போனது. புது மோடம் வந்ததும் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, சர்வரில் 'பப்ளிக்' என்று போட்டுவிட்டது. பப்ளிக் என்றால் பஸ் ஸ்டாண்டு வைஃபையில் உட்கார்ந்திருப்பது போல. ஷேர் எல்லாவற்றையும் அடைத்துவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க்குக்குப் போய் 'பிரைவேட்' என்று மாற்றியதும் பிங் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும். மோடம் மாற்றினால் ஐபியையும் பார்க்க வேண்டும், பிரைவேட்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு தடவை ஒரு லேப்டாப் மட்டும் படுத்தியது. அது அண்ணாச்சியின் போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஃபோல்டர் திறக்கிறதா

பிங் வந்தால், விண்டோஸின் 'ரன்' பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு சர்வர் ஐபியை அடித்து என்டர் கொடுங்கள்: \\192.168.0.10. ஷேர் செய்த ஃபோல்டர் தெரிய வேண்டும். பெயரைச் சொன்னால் திறக்கவில்லை, ஐபி கொடுத்தால் திறக்கிறது என்றால், டாலியிலும் எல்லா இடத்திலும் ஐபியையே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். 80070035 என்று முடியும் பிழை வந்தால் பாதை கிடைக்கவில்லை என்று பொருள். மறுபடி பிரைவேட், ஃபைல் ஷேரிங், ஃபயர்வால் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) மூன்றையும் பாருங்கள்.

யூசர், பாஸ்வேர்டு கேட்டால் சர்வரில் உள்ள யூசரின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. யாராவது அதை மாற்றியிருந்தால் மற்ற சிஸ்டம் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு முட்டும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜருக்குப் போய்ப் பழையதை அழித்துப் புதியதைக் கொடுங்கள். புதிதாக வாங்கும் லேப்டாப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டு இல்லாத ஷேருக்குள் 'விருந்தாளி'யாக நுழைய விண்டோஸ் விடுவதில்லை. பழைய இரண்டு சிஸ்டமும் ஓடும், புது லேப்டாப் மட்டும் ஓடாது. அந்தப் பூட்டை உடைக்கும் வழியைச் சிலர் சொல்லித்தருவார்கள். வேண்டாம். சர்வரில் டாலிக்கென்று பாஸ்வேர்டோடு ஒரு யூசர் போட்டு, டேட்டா ஃபோல்டரை மட்டும் அவருக்கு ஷேர் செய்யுங்கள். ஷேரிங், செக்யூரிட்டி என்று இரண்டு டேப் இருக்கும். இரண்டிலும் எழுதும் அனுமதி வேண்டும். ஒன்றில் மட்டும் கொடுத்தால் பில் சேமிக்காது.

லைசென்ஸ் மட்டும் வரவில்லையா? சர்வரில் சர்வீசஸைத் திறந்து டாலி கேட்வே சர்வரைத் தேடி ரீஸ்டார்ட் கொடுங்கள். பாதி நாள் இதோடு முடியும். அதன்பின் மற்ற சிஸ்டத்தில் 'யூஸ் லைசென்ஸ் ஃப்ரம் நெட்வொர்க்' போய் சர்வர் ஐபியும் 9999ம் கொடுங்கள். சர்வர் ஐபியை மாற்றிய நாளில் இது கட்டாயம். அப்படியும் இல்லையென்றால் சர்வர் ஃபயர்வாலை இரண்டு நிமிடம் அணைத்துச் சோதியுங்கள். வந்துவிட்டால் உடனே திரும்பப் போட்டு, 9999 உள்ளே வர ஒரு விதி சேருங்கள். ஆன்டிவைரஸுக்குத் தனி ஃபயர்வால் இருந்தால் அதிலும் அதே வேலை. அப்புறம், எல்லாச் சிஸ்டத்திலும் ஒரே டாலி ரிலீஸ் (வெர்ஷன்) இருக்கட்டும். சர்வரில் மட்டும் புதிது போட்டு டேட்டாவை மாற்றிவிட்டால் பழைய ரிலீஸ் அதைத் திறக்காது.

பிழையே காட்டாத பிழை

மேலே சொன்னதெல்லாம் நல்ல பிழைகள். வேலையை நிறுத்தி நம்மைக் கூப்பிடும். எனக்குப் பயம் இன்னொன்றில்தான்.

ஒருமுறை ஹார்டுவேர் கடையில் நெட்வொர்க் போனபோது, அவசரத்துக்கு வந்த ஒருவர் உள் சிஸ்டத்தில் டேட்டா பாதையை அந்தச் சிஸ்டத்தின் சி டிரைவுக்கே மாற்றிவிட்டார். அங்கே எப்போதோ எடுத்த காப்பி ஒன்று இருந்தது. கம்பெனி பெயர் அதே, லெட்ஜர் அதே. முந்தைய நாள் பில் இல்லாததை அந்த அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒன்பது நாள் இரண்டு கணக்கு ஓடியது. முன்னால் 1412 என்று ஒரு பில், உள்ளேயும் 1412 என்று ஒரு பில். இரண்டும் இரண்டு கொத்தனாருக்குப் போன பில். ஜிஎஸ்டியில் ஒரு நிதியாண்டுக்குள் ஒரே பில் எண் இரண்டு தடவை வரக் கூடாது. சரக்கு இருப்பு ஒத்துவராமல் பிவிசி எல்போவை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. உள் சிஸ்டத்துப் பில்களை வாங்கியவர்களைக் கூப்பிட்டு, வேறு வரிசையில் புது பில் கொடுத்து, சர்வரில் ஒவ்வொன்றாக நானே ஏற்றினேன். மாதம் முடியுமுன் தெரிந்ததால் ரிட்டர்ன் தப்பித்தது.

அதனால் டாலி மறுபடி திறந்துவிட்டது என்றதும் போனை வைக்காதீர்கள். கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையில் பாதையை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு பின்சாய்கோட்டில் ஆரம்பித்தால் சரி. சி என்று ஆரம்பித்தால் நிறுத்துங்கள். சர்வரில் கடைசியாகப் போட்ட பில் இங்கே தெரிகிறதா என்றும் பாருங்கள். மற்ற சிஸ்டங்களில் கிடக்கும் பழைய டேட்டா ஃபோல்டருக்குப் பெயரை மாற்றி 'பழசு' என்று வைத்துவிடுங்கள்.

டேட்டா கெட்டதாகச் செய்தி வந்து ரிப்பேர் கேட்டால், எல்லோரையும் டாலியை மூடச் சொல்லி, அந்த எண் பெயருள்ள கம்பெனி ஃபோல்டரை முழுசாக வேறு இடத்தில் காப்பி எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ரிப்பேரைச் சர்வரில் உட்கார்ந்து செய்யுங்கள், நெட்வொர்க் வழியாக வேண்டாம். அந்தக் காப்பி ஒரு பென் டிரைவில் வீட்டுக்கும் போகட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் தரையில் இருந்த சர்வரும், அதே மேசையின் கீழ் டிராயரில் இருந்த பென் டிரைவும் சேர்ந்தே மூழ்கின.

இப்போது மூன்று இடத்திலும் சர்வரின் பக்கவாட்டில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். சர்வர் ஐபி, ஷேர் பெயர், 9999, டாலி சீரியல் நம்பர், மோடம் மாற்றினால் என்னைக் கூப்பிடவும். பாஸ்வேர்டு அதில் இல்லை. அது அண்ணாச்சியின் கல்லாப்பெட்டிக்குள் ஒரு கவரில் இருக்கிறது.