டெஸ்க்டாப் செயலியில் டைமர் வைக்கப் போகிறீர்களா? முதலில் எந்த த்ரெட் என்று பாருங்கள்

முப்பது விநாடிக்கு ஒருமுறை ஆட்டோசேவ் ஆக வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரில் புது ஆர்டர் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதெல்லாம் இல்லையென்றால் கீழே ஸ்டேட்டஸ் பாரில் ஒரு கடிகாரமாவது ஓட வேண்டும். டெஸ்க்டாப் செயலி எழுதுகிற யாருக்கும் இதில் ஏதாவது ஒன்று வந்தே தீரும். இங்கே விண்டோஸில் சி ஷார்ப் மொழி, அது ஓடும் டாட்நெட் தளம் வைத்துச் சொல்கிறேன். ஜாவா ஸ்விங்கில் எழுதுகிறவர்களுக்குப் பெயர்கள் மாறும், தலைவலி மாறாது. த்ரெட் என்பது செயலிக்குள் கோட் வரி வரியாக ஓடும் ஒரு தடம்; ஒரு செயலியில் பல த்ரெட்கள் இருக்கலாம்.

முதலில், செய்யவே கூடாத ஒன்று. பட்டனை அழுத்தியதும் முடிவில்லாத வைல் லூப்பைத் தொடங்கி, உள்ளே வேலையைச் செய்துவிட்டு த்ரெட் ஸ்லீப் போட்டுத் தூங்க வைப்பது. பட்டன் அழுத்தல், விண்டோவை இழுத்தல், திரையை மறுபடி வரைதல் எல்லாமே மெசேஜ்களாக ஒரே வரிசையில் வந்து திரையைக் கவனிக்கும் ஒரே த்ரெட்டில், அதாவது யூஐ த்ரெட்டில்தான் நடக்கின்றன. அந்த த்ரெட்டையே தூங்க வைத்தால் யார் வரைவது? ஐந்து விநாடி பதில் வராவிட்டால் விண்டோஸ் அந்த ஜன்னலை வெளுக்க வைத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். இதற்கு மருந்தாக லூப்புக்குள், காத்திருக்கும் மெசேஜ்களை நடுவில் கவனிக்க வைக்கும் டூஈவண்ட்ஸ் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள், போடாதீர்கள். பயனர் அதே பட்டனை இன்னொரு தரம் அழுத்துவார், லூப்புக்குள் லூப் ஓடத் தொடங்கும், அப்புறம் எது எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

சரி, டைமருக்கு வருவோம். டாட்நெட்டில் டைமர் என்ற பெயரில் ஒன்றுக்கு ஐந்து இருக்கின்றன, புதிதாக வருகிறவர் எதை எடுப்பது என்று குழம்புவதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: நேரம் வந்ததும் என் கோட் எந்த த்ரெட்டில் ஓடும்?

டாட்நெட்டில் ஜன்னல் செயலி எழுதும் பழைய வழி விண்டோஸ் ஃபார்ம்ஸ் (அதில் ஜன்னலுக்குப் பெயர் ஃபார்ம்). அதன் டைமர் யூஐ த்ரெட்டில் ஓடும். டூல்பாக்ஸிலிருந்து இழுத்து ஃபார்மில் போடுங்கள், இன்டர்வலில் 30000 என்று கொடுங்கள், நேரம் வரும்போதெல்லாம் கூப்பிடப்படும் டிக் ஈவண்ட்டில் கோட் எழுதுங்கள், ஃபார்ம் லோட் ஆகும்போது ஸ்டார்ட் கூப்பிடுங்கள், முடிந்தது. டைமர் ஓடவே இல்லை என்று கேட்கிறவர்களில் பலர் ஸ்டார்ட் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். டைமர் ஓடுகிறதா என்று சொல்லும் எனேபிள்ட், நீங்கள் மாற்றாதவரை ஃபால்ஸ்தான். இன்டர்வல் மில்லி விநாடிக் கணக்கு என்பதை மறந்து 30 என்று போட்டுவிட்டு சிபியு ஏன் சூடாகிறது என்று கேட்பவர்களும் உண்டு. அதற்குப் பின் வந்த இன்னொரு வழியான டபிள்யூபிஎஃப்பில் எழுதினால் இதே இடத்துக்கு டிஸ்பேட்சர் டைமர்.

யூஐ த்ரெட் என்பதால் லேபிளையும் கிரிட்டையும் கூச்சமில்லாமல் நேரடியாகத் தொடலாம். அதே காரணத்தால் கனமான வேலை எதையும் அதில் வைக்கக் கூடாது, மூன்று விநாடி பிடிக்கும் டேட்டாபேஸ் குவெரியைப் போட்டால் ஜன்னல் அந்த மூன்று விநாடியும் கல் மாதிரி நிற்கும். இன்னொன்று, இந்த டைமர் துல்லியமானது இல்லை. இதன் துல்லியம் 55 மில்லி விநாடிதான் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. போதாததற்கு டைமர் மெசேஜ் வரிசையில் கடைசி ஆள்: மற்ற மெசேஜ்கள் எல்லாம் போன பிறகுதான் அதன் முறை வரும். ஆகவே டிக்குகளை எண்ணி நேரம் கணக்கிடாதீர்கள். கடிகாரத்துக்கு 1000 என்று இன்டர்வல் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி, ஏதோ ஒரு கட்டத்தில் 10:15:07க்கு அடுத்து 10:15:09 என்று ஒரு விநாடியை விழுங்கிவிடும். இன்டர்வலை 200 ஆக்கி, ஒவ்வொரு டிக்கிலும் உண்மையான நேரத்தைக் கேட்டு, விநாடி மாறியிருந்தால் மட்டும் லேபிளை மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு நேரம் கழிந்தது என்று அளக்க ஸ்டாப்வாட்ச் கிளாஸ் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இப்போது பலரும் வழுக்குகிற இடம். டிக் ஈவண்ட்டில் 'நெட் இணைப்பு இல்லை' என்று ஒரு மெசேஜ் பாக்ஸ் காட்டுகிறீர்கள், இன்டர்வல் ஐந்து விநாடி. பயனர் டீ குடிக்கப் போயிருக்கிறார். மெசேஜ் பாக்ஸ் திறந்திருக்கும்போதும் மெசேஜ் வரிசை ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதனால் டைமர் நிற்காது; ஐந்து விநாடிக்கு ஒரு பெட்டி மேல் பெட்டியாக அடுக்கிக்கொண்டே போகும், அவர் திரும்பி வரும்போது திரை முழுக்க ஓகே பட்டன்கள். அவெயிட் (த்ரெட்டைப் பிடித்து வைக்காமல் பதிலுக்குக் காத்திருப்பது) போட்ட டிக்கிலும் இதே கதைதான், கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம். சர்வர் பதிலுக்கு உங்கள் கோட் காத்திருக்கும்போதே அடுத்த டிக் வந்து அதே வேலையை இரண்டாவது தரம் தொடங்கிவிடும். டிக்கின் முதல் வரியிலேயே ஸ்டாப், கடைசியில், பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலிக்குள் ஸ்டார்ட், இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் இடைவெளி 'வேலை முடிந்ததிலிருந்து ஐந்து விநாடி' என்று ஆகிவிடும். பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் அதுதான்.

வேலை கனமானதென்றால் பின்னணி த்ரெட் வேண்டும். சிஸ்டம் டைமர்ஸ் டைமர், பின்னணி வேலைக்கென்று டாட்நெட் வைத்திருக்கும் த்ரெட் பூலில் ஓடும். அங்கிருந்து லேபிளைத் தொட்டால் வேறு த்ரெட்டிலிருந்து தொடுகிறாய் என்று எக்ஸெப்ஷன் (பிழை) வரும், அதனால் பிகின்இன்வோக் வழியாக யூஐ த்ரெட்டுக்கு அனுப்புங்கள். வேலை இன்டர்வலைவிட நீண்டால் இரண்டு த்ரெட்டில் ஒரே நேரத்தில் ஓடும் ஆபத்தும் இதில் உண்டு, திரும்பத் திரும்ப அடிக்க வைக்கும் ஆட்டோரீசெட்டை ஃபால்ஸ் ஆக்கி வேலை முடிந்ததும் நீங்களே ஸ்டார்ட் கூப்பிடுங்கள். இதில் டிக்குக்குப் பதிலாக வரும் எலாப்ஸ்ட் ஈவண்ட்டுக்குள் வெடிக்கும் எக்ஸெப்ஷனை, டாட்நெட்டின் பழைய வடிவமான டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் இது சத்தமில்லாமல் விழுங்கிவிடும் என்பதுதான் இதில் எனக்குப் பிடிக்காத குணம். டைமர் ஓடுகிறது, வேலை நடக்கவில்லை, எங்கும் ஒரு பிழையும் இல்லை. உள்ளே பிழையைப் பிடிக்கும் ட்ரை கேட்ச் வைத்து லாக் எழுதாமல் இதைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொரு பின்னணி டைமரான த்ரெடிங் டைமர் இதற்கு நேர் எதிர், பிழையைப் பிடிக்காமல் விட்டால் செயலியையே சாய்த்துவிடும். அதை லோக்கல் வேரியபிளில் வைத்தால் யாரும் பயன்படுத்தாததை மெமரியிலிருந்து துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் வரும்போது டைமரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும், கிளாஸ் ஃபீல்டில் வையுங்கள்.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது 2021 நவம்பரில் டாட்நெட் 6 உடன் வந்த பீரியாடிக் டைமர். இதில் ஈவண்ட் எதுவும் இல்லை. ஒரு அசிங்க் மெத்தடில் (அவெயிட் போடக்கூடிய மெத்தட்) வைல் லூப், அதன் நிபந்தனையில் 'அடுத்த டிக் வரை காத்திரு' என்று ஒரு அவெயிட், உள்ளே உங்கள் வேலை. வேலை முடிந்தால்தான் லூப் மேலே போகும் என்பதால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பேச்சே இல்லை, நடுவில் தவறிய டிக்குகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். யூஐ த்ரெட்டில் தொடங்கினால் அவெயிட்டுக்குப் பிறகு யூஐ த்ரெட்டுக்கே திரும்பும், லேபிளையும் தொடலாம். ட்ரை கேட்ச் லூப்புக்கு உள்ளே இருக்கட்டும், வெளியே வைத்தால் முதல் பிழையிலேயே லூப் நின்றுவிடும்.

லேப்டாப்பை மூடினால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். கணினி தூங்கும்போது எந்த டைமரும் அடிக்காது. மணிக்கு ஒருமுறை நடக்க வேண்டிய வேலை என்றால், கடைசியாக எப்போது நடந்தது என்பதை எழுதி வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிக்கில் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விழித்ததும் உடனே தெரிய வேண்டுமென்றால் பவர்மோட்சேஞ்ச்ட் ஈவண்ட் இருக்கிறது. ஆனால் விழித்த நொடியில் வைஃபை இணைந்திருக்காது, சில விநாடி விட்டு சர்வரைக் கூப்பிடுங்கள். தினம் இரவு இரண்டு மணிக்கு பேக்கப் என்பது போன்ற வேலைக்கு டைமரே வேண்டாம், விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிடம் கொடுத்துவிடுங்கள், உங்கள் செயலி திறந்திருக்கிறதா என்ற கவலையே இல்லை.

கடைசியாக, ஃபார்ம் மூடும்போது டைமரை நிறுத்தி டிஸ்போஸ் செய்து விடுவியுங்கள். பின்னணி டைமர்களில் ஸ்டாப் கூப்பிட்ட பிறகும் ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒரு டிக் வந்து சேரலாம், அது மூடிய ஃபார்மைத் தொடாமல் இருக்க ஃபார்ம் டிஸ்போஸ் ஆகிவிட்டதா என்று சொல்லும் இஸ்டிஸ்போஸ்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பீரியாடிக் டைமர் என்றால் காத்திருப்பை நிறுத்தச் சொல்லும் கேன்சலேஷன் டோக்கன். டபிள்யூபிஎஃப்பில் இது இன்னும் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்பேட்சர் டைமர் மூடிய ஜன்னலை மெமரியிலிருந்து போகவிடாது. அதே ஜன்னலைப் பயனர் இருபது தரம் திறந்து மூடினால் இருபது டைமர்கள் பின்னால் ஓடி, இருபது தரம் சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும்.